வரி முடியும் இடத்தில் இரட்டை மணி

டிவியில் ஜெபிஷா பேசிக்கொண்டிருந்தாள். கையில் மைக், தலையில் ஒரு பக்கமாகச் சரிந்த பூ. முகத்துக்குக் கீழே அவள் சொற்கள் மஞ்சள் எழுத்தில் ஒவ்வொரு வரியாக வந்தன, கொஞ்சம் நின்றன, போயின. என் அண்ணன் செல்வராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மகளின் பேச்சை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது அவருடைய உதடுகளும் அசைந்தன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். காரக்கோணத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் அண்ணன் வீடு. வெளியே மழை ரப்பர் இலைகளில் விழுந்து, அங்கிருந்து இரண்டாவது முறையாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகையில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாசனையும், அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வேகும் வாசனையும் முன்னறையில் வந்து சந்தித்தன. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் டிவி பார்க்க யாரும் சட்டை போடுவதில்லை.

பாதிப் பேச்சில்தான் அது நடந்தது. ஒரு வரி வர வேண்டிய இடத்தில் ஒரு கூட்டமே வந்தது. அவள் இனிமேல் பேசப்போகும் அத்தனையும், நடுநடுவே எண்களும் நேரக் குறிப்புகளுமாக, திரையின் அடியிலிருந்து மேல்வரை ஏறி அவள் முகத்தையே மூடிவிட்டது. மூன்று நான்கு வினாடி இருக்கும். அப்புறம் எல்லாம் மறைந்தது. ஜெபிஷா பேசிக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு எழுத்துகூட வரவில்லை.

அண்ணன் எழுந்து டிவியை அணைத்தார்.

"மதி லே, போதும்."

"அண்ணே, ஒரு நிமிஷம், நான் பாக்கட்டு" என்றேன். அவருக்குக் கேட்காது என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சாரமில்ல, போட்டும். எம்மவ நல்லதாக்கும் பேசியிருப்பா. அது போதும்" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரப்பர் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மைனி, அண்ணனின் மனைவி, அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்திக்கு அவ போன்ல விளிப்பா" என்றார். "அப்பா பாத்தியளாண்ணு கேப்பா. ரெண்டு நாளா அதையே சொல்லிட்டு இருக்கா. நான் என்ன மக்கா சொல்லட்டு?"

மைக்குக்குப் பின்னால் இருந்த வாய்

இந்தத் தொடரில் அண்ணனைப் பற்றி இதுவரை நான் அதிகம் எழுதவில்லை. அவர் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் போகும் பாதையில் பஸ் கண்டக்டராக இருந்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் குயில் போயிற்று, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் மைனியின் குரல். காதில் வைக்கும் கருவியும் வாங்கினோம். அது தனக்குள்ளேயே கூவிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு மனிதர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் திருச்சபைக் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு முன்பு பெண் வீட்டார் சார்பில் ஒருவர் நன்றி உரை சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெண்ணின் அப்பா. ஜெபிஷாவின் கல்யாணத்தில் அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "நான் பேசுக சத்தம் எனக்கே தெரியாது. ஒண்ணுல் அலறுவேன், இல்லெங்கில் முனங்குவேன்" என்றார். அதனால் அன்று மைக்கைக் கல்யாணப் பெண்ணே வாங்கினாள்.

மேடையிலிருந்து ஜெபிஷா பேசப் பேச, பந்தலில் இருந்த பெண்கள் முந்தானையைக் கண்ணில் ஒற்றினார்கள். சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் வீடியோக்காரர்கள். அவளோ மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். பார்த்து அறிந்துகொள்ள வாய் இல்லை. மற்றவர்கள் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

மறுவாரமே அவள் கணவனோடு வெளிநாட்டுக்கு, நர்ஸ் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் என்ன பேசினாள் என்று எழுதித் தருகிறேன் என்றேன் அண்ணனிடம். அவர் ஒப்பவில்லை.

"பேப்பர்ல வாசிச்சா, அந்நேரம் அவளுக்க மொகம் எப்பிடி இருந்துன்னு எனக்கு எங்ஙன தெரியும்?"

வசனம் போட்டு வீடியோ பண்ணலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி

கல்யாண வீடியோ எடுத்தவன் வின்ஸ். எனக்குச் சித்தி மகன். களியக்காவிளையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது வேறு மாநிலம். நடந்து பார்த்தால் ஒரு காப்பி குடித்த வாயின் சூடு ஆறுவதற்குள் வந்துவிடும். அவன் முதல் பாதிப் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்து தந்தான். அதற்குள் கல்யாண சீசன் வந்து அவனைக் கொண்டுபோயிற்று.

மீதியை என் மனைவி ஷெர்லி செய்தாள். அவள் பாறசாலை அருகே அரசுப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடத்து லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஜெபிஷா சொன்னதை மலையாளம் கலந்த இடத்தில் மலையாளம் கலந்தபடியே தமிழ் எழுத்தில் அடித்தாள். "திருத்தண்டாம், அவ பேசினது அப்பிடித்தான்" என்று என்னை ஒரு சொல்லும் தொடவிடவில்லை. கவிதை எழுதுகிறவனை வீட்டில் வைத்திருப்பவர்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

என் பங்கு ஒட்டியது மட்டும்தான். போனில் இருந்த ஒரு சின்னச் செயலி இரண்டு கோப்புகளையும் உள்ளே எதையும் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டித் தந்தது. ஷெர்லியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். முதலிலிருந்து கடைசிவரை அருமையாக ஓடியது. அந்த நம்பிக்கையில்தான் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மழையில் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஷெர்லி லேப்டாப்பையும் எடுத்து வந்தது எங்கள் பாக்கியம்.

டிவி அணைந்த பிறகு அவள்தான் முதலில் கேட்டாள்.

"எங்க வச்சு நிண்ணுச்சு? எந்த வரி?"

ஜெபிஷா தன் அப்பா முடி பின்னிவிட்ட கதையைச் சொல்லி முடித்த இடம். அதாவது வின்ஸின் பாதி முடிந்து ஷெர்லியின் பாதி தொடங்கும் இடம்.

"அப்போ நான் அடிச்சதுதான் குழப்பம்" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் நனைந்த கொட்டகையில் ஷீட்டைத் திருப்பிப் போடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஏற்கெனவே திருப்பிப் போட்ட ஷீட்.

ஒரே மூச்சில் பாடிய அசனம்

வின்ஸைப் போனில் பிடித்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மைனி, ஒங்க பள்ளிக்கூடத்து லேப்டாப்பில விண்டோஸ் இல்லல்லா?"

"இல்ல. லினக்ஸாக்கும். எங்க ஸ்கூலு பூரா அதான். அதுக்கு என்ன?"

"அசனத்து நோட்டீஸ் ஞாபகம் உண்டா?"

ஷெர்லி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் சபையில் அசனப் பண்டிகை. ஊரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். அன்று பாடுவதற்கு ஒரு புதுப் பாட்டு. ஷெர்லி அதைப் பள்ளிக்கூடத்து லேப்டாப்பில் அடித்து, களியக்காவிளையில் ஒரு அச்சுக்கடைக்கு அனுப்பினாள். கடையில் பழைய விண்டோஸ், அதில் பழைய நோட்பேட். திறந்தபோது ஆறு சரணங்களும் ஒரே வரியாக, ரயில் மாதிரி, வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தன. கேரளத்துக்காரர்கள் இப்படித்தான் பாடுவார்கள் போல என்று நினைத்து, கடைக்காரர் அதை அப்படியே பத்தியாக அச்சடித்துவிட்டார்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் அச்சடித்ததை மதிக்கும் மனிதர். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எங்கேயும் நிறுத்தவில்லை. ஆறு சரணமும் ஒரே ஓட்டம். ஆல்டோ குரலில் பாடிய பெண்கள் இரண்டாம் சரணத்திலேயே கழன்றுவிட்டார்கள். அவர் மட்டும் கழுத்து நரம்பு புடைக்க ஆமென் வரை போய்ச் சேர்ந்தார். அன்று பந்தியில் அவருக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள்.

"அது நோட்பேடுக்க குற்றம்னுல்லா நெனச்சேன்" என்றாள் ஷெர்லி.

"குற்றம் ஒருத்தருக்கும் இல்ல மைனி. அந்தக் கோப்ப எனக்கு அனுப்புங்க. உள்ளே கெடக்குறத நான் காட்டித் தாறேன்."

கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள்

கொஞ்ச நேரத்தில் வின்ஸிடமிருந்து ஒரு படம் வந்தது. மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ஒரு மென்பொருளில் அவன் எங்கள் கோப்பைத் திறந்திருந்தான். அவன் அடித்த பாதியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகள். ஷெர்லியின் பாதியில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒன்றே ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடம், வேறு வேறு கொத்தனார்கள் கட்டிய சுவர் மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

நாம் எண்டர் விசையைத் தட்டும்போது வரி முடிகிறது. ஆனால் வரி முடிந்தது என்று கணினி எழுதிவைக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் ஆளுக்கு ஒரு வழக்கம். விண்டோஸ் இரண்டு குறிகள் போடும். லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஏன் இரண்டு என்பது எனக்கு விரல்களில் ஞாபகம் இருக்கிறது. இளவயதில் பாறசாலையில் மாடிக்கடை ஒன்றில் டைப்ரைட்டிங் படித்தேன். படித்ததைவிட ஜன்னல் வழியே பார்த்ததுதான் அதிகம். வரி முடியப்போகும்போது இயந்திரத்துக்குள் ஒரு மணி அடிக்கும். இடது கைப் பக்கத்து நெம்புகோலைத் தள்ளினால் இரண்டு காரியம் நடக்கும்: உருளை ஒரு வரி மேலே உருளும், தாளைச் சுமந்த வண்டி முழுவதும் திரும்பத் தொடக்கத்துக்கு வரும். ஒன்று மட்டும் நடந்தால் போதாது. உருளை மட்டும் உருண்டால் அடுத்த வரி தாளின் ஓரத்தில் தொங்கும். வண்டி மட்டும் திரும்பினால் எழுதியதன் மேலேயே எழுத வேண்டிவரும். அந்த இரண்டு அசைவுகள்தான் விண்டோஸின் இரண்டு குறிகள். லினக்ஸ் செய்தவர்களோ, உருளை உருண்டால் வண்டி திரும்பியதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்றை விட்டுவிட்டார்கள்.

அண்ணன் வீட்டு டிவி இரண்டு குறிகளை எதிர்பார்க்கிற டிவி. வசனக் கோப்பில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குவது நடுவில் உள்ள வெற்று வரியால்தான் தெரியும். ஷெர்லியின் பாதியில் இருந்த வெற்று வரிகளை அந்த டிவியால் பார்க்கவே முடியவில்லை. எல்லாம் ஒரே துண்டு என்று எண்ணி, மொத்தத்தையும் ஒரே வீச்சில் திரையில் கொட்டிவிட்டது. லேப்டாப்புக்கு இரண்டு வழக்கமும் தெரியும். அதனால்தான் வீட்டில் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

நோய் தெரிந்தபின் மருந்து சின்னதாக இருந்தது. ஷெர்லி தன் பாதியைத் திறந்து, வேறு பெயரில் சேமிக்கும் பெட்டியில் கீழே தேடினாள். வரி முடிவு எப்படி வேண்டும் என்று அங்கே ஒரு கேள்வி. லினக்ஸ் என்று இருந்ததை விண்டோஸ் என்று மாற்றினாள்.

"இவ்வளவு வருஷமா இது இங்ஙன கெடக்கு பாத்தியளா" என்றாள். "ஒரு நாளும் நான் கண்டதில்ல." நான் இரண்டு பாதிகளையும் மறுபடி ஒட்டிப் பென்டிரைவில் போட்டேன்.

ஒற்றை பெல்லும் டபுள் பெல்லும்

இனி அண்ணனை மறுபடி நாற்காலிக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் கஷ்டம். மைனி கையை விரித்தார். "ஒருக்கா வேண்டாண்ணு சொன்னா அந்த மனுஷன் பிறவு திரும்பி இருக்க மாட்டாரு. நீயே போ."

கொட்டகையில் அவர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாயைப் பார்க்காவிட்டால் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவர் கையில் வைத்திருக்கும் பெரிய ஆயுதம் அது. நான் போனில் பெரிய எழுத்தில் தட்டி, அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன்:

"வரி முடிஞ்சா உங்க டிவிக்கு ரெண்டு குறி வேணும். ஷெர்லிக்க லேப்டாப் ஒண்ணுதான் போட்டிருக்கு. இப்பம் சரியாக்கியாச்சு."

வேண்டாவெறுப்பாக வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணில் ஏதோ அசைந்தது.

"அப்போ டீச்சரு ஒத்தப் பெல்லா அடிச்சா?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எங்கள் பஸ்களில் கூரையோரமாக ஒரு கயிறு ஓடும். கண்டக்டர் அதை இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எலே, டபுள் பெல் விழாம டிரைவர் வண்டிய எடுப்பானா? நிக்கும். கேறின ஆளெல்லாம் ஒரே ஸ்டாப்பில குமிஞ்சு கெடக்கும். அதாக்கும் டிவியில கண்டது." அவர் முகத்தில் சிரிப்பு ஏறிவிட்டது. "களியக்காவிளை தாண்டினா விசிலு. நம்ம வண்டிக்கு மணி. அவன் விசில இஞ்ச வந்து ஊதினா நம்ம டிரைவருக்கு என்ன தெரியும்? இத முதல்லயே பறஞ்சிருந்தா நான் எழும்பியிருப்பேனா?"

உள்ளே வந்ததும் ஷெர்லியைப் பார்த்து, இல்லாத கயிறு ஒன்றை இரண்டு முறை இழுத்துக் காட்டினார். "டீச்சரே, ரெண்டு. ஞாபகம் இருக்கட்டு."

"சரி அத்தான்" என்றாள் ஷெர்லி, வாயை நன்றாகத் திறந்து.

ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு பொத்தானைக்கூட மாட்டாமல் விடவில்லை.

கேட்காத வரி

இந்தமுறை நான் டிவியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அப்பாதான் தனக்குத் தலை பின்னிவிட்டார், பஸ்ஸுக்கு மேலே சாக்கு கட்டுகிற மாதிரி கட்டிவிட்டார், சாயங்காலம் அவிழ்க்க மூன்று பேர் வேண்டும் என்று ஜெபிஷா சொன்னபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். வின்ஸின் பாதி முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வரி வந்தது. தனியாக, அமைதியாக. அதற்கு அடுத்ததும்.

"அப்பாவுக்கு காது கேக்காதுண்ணு ஆளுக பறயும். எனக்கு அப்படித் தோணினதே இல்ல. நான் ஸ்கூல் விட்டு வந்து முற்றத்தில நிண்ணா போதும், அப்பா திரும்பிப் பாக்கும். நான் விளிக்கவே வேண்டாம். இனி நான் தூரத்தில இருந்து விளிப்பேன். அப்பவும் திரும்பிப் பாக்கணும், அப்பா."

மைனி ஈரக்கையோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அண்ணன் எதையும் துடைத்துக்கொள்ளவில்லை. பேச்சு முடிந்து, மேடையில் கீபோர்டு இசை எழுந்து, கைதட்டல் முழங்கியது. எங்கள் காதுக்கு மட்டும்.

"ஒண்ணூடெ போடு மக்கா."

மறுபடி போட்டேன். இப்போது அவர் எழுத்தை வாசிக்கவில்லை என்று தோன்றியது. கண் மேலேயே இருந்தது, அவள் முகத்தில். கடைசியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார்.

"எலே, ஒரு வரி விட்டுப்போச்சு."

இல்லை என்றேன். நாங்கள் மூன்று பேர் கேட்டுச் சரிபார்த்தது.

"உண்டு. இஞ்ச பாரு. மைக்கத் தாத்தின பிறவு." விரலை ஜெபிஷாவின் உதட்டில் வைத்தார். "இன்னொருக்கா அப்பாண்ணு சொல்லுதா."

நான் பின்னால் ஓட்டிப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். கீபோர்டும் கைதட்டலும் யாரோ பந்திக்கு ஆள் கூப்பிடுவதும்தான் கேட்டன. குரல் இல்லை. ஆனால் மைக் கீழே இறங்கியிருந்தது, வாய் முதன்முறையாக முழுதாகத் தெரிந்தது. உதடுகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. வின்ஸும் ஷெர்லியும் நானும் காதால் சரிபார்த்தவர்கள். அந்தச் சொல் காதுக்கு வரவே இல்லை.

ஷெர்லி லேப்டாப்பைத் திறந்தாள். கடைசியில் ஒரு எண், ஒரு நேரம், ஒரு சொல். சேமிக்கும் முன் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். விண்டோஸ் என்றே இருந்தது.

வரி முடிந்தால் ஒரு குறி போதும் என்று எங்கோ யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு வேண்டும் என்று வேறு யாரோ. அவர்கள் ஒத்துப்போயிருந்தால் அன்று முதல் தடவையே எல்லாம் சரியாக ஓடியிருக்கும். அண்ணன் எழுத்தை வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரச்சீனி சாப்பிடப் போயிருப்பார். கோபித்துக்கொண்டு, சிரித்து, திரும்பி வந்து அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருப்பாரா, தெரியாது. அந்த இரண்டு கூட்டத்தாருக்கும் என் வணக்கம்.

அந்தியில் மழை விட்டது. சொன்னபடியே ஜெபிஷா கூப்பிட்டாள். மைனி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து மேசையில் நிறுத்தினார். ஆஸ்பத்திரி உடையில், வேலைக்குப் போகும் அவசரத்தில், சின்னத் திரையில் அவள் முகம்.

"அப்பா பாத்தியளா?"

அவள் வாயைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "பாத்தேன் மக்கா. கடைசியா சொன்ன வாக்கும் கிட்டிச்சு."

அவள் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு சத்தமே இல்லாமல் உதடுகளை மட்டும் அசைத்தாள். திறந்து, மூடி, திறந்து. அந்த அறையில் எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் மட்டும், "ஓ, மக்கா" என்றார்.